விழித்திருக்கும் வரை கூடு

கைக்குழந்தையைக் கிடத்தும் பேபி நெஸ்ட் பற்றி இந்த மாதம் ஒரு பை நிறையக் கேள்விகள். நடுவில் மெல்லிய மெத்தை, சுற்றிலும் பஞ்சடைத்த திண்டு, சிலவற்றில் மேலே ஜிப் வைத்த கொசுவலை. மடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் போய்வரலாம். பொருள் சின்னது. ஆனால் அதற்குள் ஓர் உயிர் படுக்கிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்து, முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கே: பேபி நெஸ்ட் நல்லதா, கெட்டதா? சுருக்கமாகச் சொல்லுங்கள். (இளம் தாய், கோவை)

ப: குழந்தை விழித்திருக்க வேண்டும், நீங்களும் விழித்திருக்க வேண்டும், கூடு தரையில் உங்கள் கண்ணெதிரே இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் நல்லது. ஒன்று குறைந்தாலும் குழந்தையை வெளியே எடுத்துவிடுங்கள்.

கே: கடைக்காரர் ‘நெஸ்ட் பெட்’ என்றுதான் சொல்லி விற்றார். பெட் என்றால் தூங்கத்தானே? (புதுத் தந்தை, திருப்பூர்)

ப: பெயர் வைத்தவர் விற்கிறவர். மூச்சு விடுகிறவர் உங்கள் குழந்தை. பெயரை விட்டுவிட்டு உருவத்தைப் பாருங்கள்.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். அதைத் தாங்கும் கழுத்தில் இன்னும் வலு ஏறவில்லை. தலை பக்கவாட்டில் சாய்ந்து மூக்கு திண்டில் புதைந்தால், திருப்பிக்கொள்ளத் தெரியாது. விட்ட மூச்சு பஞ்சில் தேங்கி நிற்க, அதையே திரும்பத் திரும்ப இழுக்கும். கரியமில வாயு ஏறும், ஆக்சிஜன் இறங்கும். நாமாக இருந்தால் திடுக்கிட்டு விழித்துக்கொள்வோம். எல்லாக் குழந்தைக்கும் அந்த விழிப்பு வருவதில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. மெத்தை நடுவில் குழிந்திருந்தாலும் தலைப்பக்கம் உயர்ந்திருந்தாலும் தாடை போய் நெஞ்சில் முட்டும். அப்போது மூச்சுக்குழல், மடிந்த தண்ணீர்க் குழாய் மாதிரி அடைபடும். இரண்டிலும் சத்தம் இல்லை, அழுகை இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் உங்களுக்கு எதுவுமே தெரியாது.

அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது. பாப்பி நிறுவனத்தின் நியூபார்ன் லவுஞ்சர் என்ற திண்டு மெத்தைகள் சுமார் 33 லட்சம், 2021 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் கிடத்தப்பட்ட 8 குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்திருந்தார்கள். அந்த மெத்தை தூக்கத்துக்கென்று விற்கப்பட்டதே அல்ல. ஆனால் குழந்தைக்குத் தூக்கம் வந்தால் அது விற்பனைச் சீட்டைப் படித்துவிட்டா தூங்கும்? இந்த வகைத் திண்டு மெத்தைகள் எல்லாவற்றையும் சேர்த்து, 2010 முதல் 2022 வரை குறைந்தது 79 மரணங்களை அந்நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எண்ணியது. மெத்தையும் திண்டும் எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதற்கு 2024 அக்டோபரில்தான் விதி கொண்டுவந்தார்கள்.

கே: நாலு பிள்ளை பெற்றேன். கோரைப்பாயில் பழைய வேட்டியை மடித்துப் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்தே வளர்த்தேன். மருமகள் கூடு வாங்கி வந்து, பாய் வேண்டாம் என்கிறாள். யார் சொல்வது சரி? (பாட்டி, காரைக்குடி)

ப: நீங்கள்தான், அம்மா. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் புதுப்பித்து வெளியிட்ட அறிவுரையின் சாரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்: மல்லாக்கப் படுக்க வையுங்கள், படுக்கை தட்டையாகவும் உறுதியாகவும் இருக்கட்டும், அதன்மேல் தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம், முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே தனிப் படுக்கையில் தூங்கட்டும். உங்கள் பாய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மேலை நாடுகளில் குழந்தைகளைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்கும் பழக்கம் பரவலாக இருந்தது. 1992-ல் அதே சங்கம் அதைத் தடுத்துச் சொன்னது. 1994-ல் ‘மல்லாக்கத் தூங்க வையுங்கள்’ என்று நாடு முழுக்க இயக்கம் நடத்தினார்கள். பத்து ஆண்டுக்குள் திடீர் சிசு மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. மருந்து இல்லை, ஊசி இல்லை, படுக்கும் பக்கத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். வேட்டியை இறுக்கி விரித்து நாலு ஓரத்தையும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். சுருண்டு வந்து முகத்தை மூடக்கூடாது. மருமகள் கூட்டைப் பகலில் வைத்துக்கொள்ளட்டும், இரவுக்கு உங்கள் பாய் இருக்கட்டும். இந்தப் பதிலை அவரிடம் காட்டும்போது ஜெயித்த முகத்தோடு காட்டாதீர்கள். அவரும் உங்கள் பேரனுக்காகத்தான் கவலைப்படுகிறார்.

கே: தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைக்கச் சொல்கிறார்கள். கூட்டோடேயே ஒன்று இலவசமாக வந்தது. (வாசகி, திண்டுக்கல்)

ப: இலவசம் என்பதற்காக வைத்துவிடாதீர்கள். தலையை உருவாக்குவதாகச் சொல்லும் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் எச்சரித்தது. தலை உருண்டையாக வர வழி வேறு. விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு, எதிரில் நீங்களும் குப்புறப் படுத்துப் பேச்சுக் கொடுங்கள். ஒரு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அரை மணி நேரம் வந்தால் போதும். பின்மண்டைக்கு ஓய்வு, கழுத்துக்குப் பயிற்சி, குழந்தைக்கு உங்கள் முகம்.

கே: மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் புரையேறிவிடாதா? கூட்டின் தலைப்பக்கம் சற்று உயரமாக இருப்பது நல்லதுதானே? (வாசகர், தஞ்சாவூர்)

ப: எல்லோருக்கும் வருகிற பயம் இது, நியாயமான பயமும்கூட. உடல் அமைப்பைப் பார்த்தால் தெளிந்துவிடும். மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழல் கீழே. எதிர்த்து வருகிற பால் மேட்டில் ஏறி மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும். குப்புறப் படுத்தால்தான் உணவுக்குழல் மேலாகி, பால் வழிந்து மூச்சுக்குழல் வாசலுக்கு இறங்கும். பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, சிறிது நேரம் நிமிர்த்திப் பிடித்திருங்கள். பிறகு தட்டையாகக் கிடத்துங்கள். தலைப்பக்கம் உயர்த்தினால் குழந்தை கீழே சறுக்கித் தாடை நெஞ்சில் முட்டும். பால் கக்குவதற்கும் அது மருந்தல்ல.

கே: எங்கள் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியைச் சுருட்டிச் சுற்றிலும் வைத்துக் கூடு மாதிரிதான் படுக்க வைத்தார். அங்கே சரி, வீட்டில் தப்பா? (தாய், விழுப்புரம்)

ப: இந்த மாதத்தின் மிகக் கூர்மையான கேள்வி இதுதான். அங்கே குழந்தையின் காலில் ஒரு கருவி மாட்டியிருந்தது நினைவிருக்கிறதா? ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நொடிக்கு நொடி அது காட்டிக்கொண்டிருந்தது. குறைந்தால் மணி அடிக்கும், மணி அடித்தால் ஓடிவர ஆள் உண்டு. கருப்பையின் அணைப்பை இழந்த பிஞ்சுக்குக் கைகால் ஒடுங்கிக் கிடக்க அந்தத் துணிச்சுருள் உதவுகிறது. அது சிகிச்சையின் ஒரு பகுதி. வீட்டில் அந்தக் கருவியும் இல்லை, ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஆளும் இல்லை. அதனால்தான், குறைமாதக் குழந்தைகளின் உடல்நிலை தேறியதுமே, வீட்டுக்கு அனுப்பும் முன்பே, மல்லாக்கத் தட்டையாகப் படுக்கப் பழக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த ஆபத்து மற்றக் குழந்தைகளைவிட அதிகம். உங்கள் வீட்டில் கூடு பகலில்கூட வேண்டாம் என்பேன். அணைப்பு வேண்டுமென்றால் உங்கள் நெஞ்சு இருக்கிறது. தோலோடு தோல் சேர்த்துக் கங்காரு போல வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் விழித்திருக்கும்போது. ஆஸ்பத்திரியிலேயே கற்றுத் தருவார்கள்.

கே: இரட்டைக் குழந்தைகள். பெரிய கூடாக ஒன்று வாங்கி இரண்டு பேரையும் போடலாமா? (தந்தை, ஓசூர்)

ப: கூடாது. ஒருவர் கை இன்னொருவர் மூக்கில். தனித்தனி இடம்.

கே: கட்டிலில் எனக்கும் கணவருக்கும் நடுவே கூட்டை வைத்து அதில் குழந்தையைத் தூங்க வைக்கிறோம். நாங்கள் உருண்டு மேலே விழாமல் அது காக்குமே? (வாசகி, சென்னை)

ப: உங்களிடமிருந்து காப்பதாக நினைத்துக் குழந்தையைத் திண்டிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். பஞ்சுச் சுவர் பெரியவர் உடலைத் தடுக்காது, பக்கத்தில் இழுத்துவிட்ட போர்வையையும் தடுக்காது.

இந்த இடத்தில் நியூசிலாந்து மாவோரி மக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தையைத் தாயருகே படுக்க வைப்பது அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம். நம்மைப் போலத்தான். அங்கே சிசு மரணம் அதிகமாக இருந்தது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துப் படுக்க வையுங்கள் என்று அதிகாரிகள் சொன்னதை அந்தத் தாய்மார்கள் ஏற்கவில்லை. 2000-களின் நடுவில் டேவிட் டிப்பனே-லீச் என்ற மாவோரி மருத்துவரும் கூடை முடையும் பெண்களும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். ஹரகெகே என்ற நாரிலையில் முடைந்த கூடை, பெயர் வஹகுரா. அடி தட்டை, சுவர் விறைப்பு, உள்ளே மெல்லிய உறுதியான விரிப்பு. அதைத் தாயின் படுக்கையிலேயே அவள் பக்கத்தில் வைத்தார்கள். தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம். அதுவும் ஒரு கூடுதான். ஆனால் அழுத்தினால் அமுங்காத கூடு.

அதைத் தொட்டில் படுக்கையோடு ஒப்பிட்டு 2017-ல் வெளியான ஆய்வில் ஆபத்து கூடுதலாகத் தென்படவில்லை. ஆறு மாதத்தில் முழுக்கத் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளின் விகிதம், வஹகுரா வீடுகளில் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. வஹகுராவும், அதே எண்ணத்தில் பிறந்த பிளாஸ்டிக் பெட்டியான பேப்பி-பாடும் பரவிய 2009 முதல் 2015 வரையான காலத்தில், நியூசிலாந்தில் பிறந்து முதல் வாரம் தாண்டிய சிசுக்களின் மரண விகிதம் 29 சதவீதம் குறைந்தது. குறைந்த உயிரிழப்பில் பெரும்பங்கு மாவோரிக் குழந்தைகளுடையது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, மருத்துவம் அந்தத் தாய்மாரைத் திட்டாமல் அவர்கள் பாயிலேயே உட்கார்ந்து வழி தேடியதுதான்.

இன்று இரவுக்கு உங்களுக்கு: கட்டிலை ஒட்டித் தரையில் உறுதியான விரிப்பில் குழந்தை, கை எட்டும் தூரத்தில் நீங்கள். வீட்டில் புகைபிடிப்பவரோ குடிப்பவரோ இருந்தால், அவரோடு ஒரே படுக்கை ஒருபோதும் வேண்டாம். சோபாவில் குழந்தையோடு கண்ணயர்வது எல்லாவற்றையும்விட ஆபத்து.

கே: கூடு ஆபத்து என்றால் நம் தூளி மட்டும் யோக்கியமா? (மாணவி, திருநெல்வேலி)

ப: நியாயமாகக் கேட்டீர்கள். சேலைத் தூளியிலும் குழந்தை வளைந்துதான் கிடக்கிறது, தாடை நெஞ்சில் முட்ட வாய்ப்பு உண்டு. அதனால்தான் நம் பெண்கள் குறுக்கே கட்டை கொடுத்து விரித்தார்கள், ஆட்டுகிற கை பக்கத்திலேயே இருந்தது. கை எட்டும் தூரத்தில் ஒருவர் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும் தூளி வேறு, ஆட்டிவிட்டுச் சமையலுக்குப் போன தூளி வேறு. தூங்கியதும் எடுத்துத் தட்டையாகக் கிடத்துங்கள். தூளியைத் தரைக்குப் பக்கத்தில் தாழக் கட்டுங்கள். குழந்தை இல்லாதபோது அவிழ்த்து வையுங்கள். மூத்த பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடிக் கழுத்து மாட்டிக்கொள்வதும் நடக்கிற காரியம்.

கே: எத்தனை மாதம் வரை கூட்டைப் பயன்படுத்தலாம்? (வாசகி, நாகர்கோவில்)

ப: பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரைப் பருவம்: கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் வயது. குழந்தை அதற்குத் தயாராகிறது, ஒருக்களிக்க முயல்கிறது என்று பார்த்த அன்றே கூட்டை எடுத்து வைத்துவிடுங்கள். நாலு மாதத்தில் முயன்றால் நாலு மாதம், மூன்றில் முயன்றால் மூன்று. அட்டையில் எட்டு மாதம் என்று அச்சிட்டிருந்தாலும் உங்கள் குழந்தையின் இடுப்பு சொல்வதைக் கேளுங்கள். திரும்பத் தெரிந்து மீளத் தெரியாத அந்தச் சில வாரங்கள்தான் திண்டுக்குப் பக்கத்தில் மிக மோசமானவை.

கே: உண்மையைச் சொல்கிறேன். குழந்தை கூட்டில் வைத்தால்தான் தூங்குகிறது. பாயில் போட்டால் அலறல். நானும் மனுஷிதானே, மூன்று வாரமாகத் தூக்கமில்லை. (பெயர் வேண்டாம்)

ப: இதைப் படித்ததும் உங்கள் வீட்டுக்கு வந்து குழந்தையை இரண்டு மணி நேரம் வாங்கிக்கொள்ள மாட்டோமா என்றிருந்தது. நீங்கள் தப்பு செய்யவில்லை. களைத்துப்போயிருக்கிறீர்கள். முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம், கணவரோ அம்மாவோ மாமியாரோ, மாலை ஏழு முதல் பதினொன்று வரை குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். பால் கொடுக்க மட்டும் எழுப்பட்டும்.

குழந்தைக்குக் கூட்டில் பிடித்திருப்பது திண்டு அல்ல. நெருக்கமும் சூடும்தான். அதைப் பாயில் கொடுக்கப் பாருங்கள். விரிப்பை உங்கள் உள்ளங்கையால் தேய்த்துச் சில்லிப்பை எடுங்கள். தூங்கும் குழந்தையைக் கீழே வைக்கும்போது முதலில் பாதம், பிறகு இடுப்பு, கடைசியாகத் தலை. தலை முதலில் போனால் விழுவது போல அதிர்ந்து கையை விரிக்கும், விழித்துவிடும். வைத்த பிறகும் ஒரு கையை நெஞ்சின்மேல் லேசாக வைத்திருங்கள், மூச்சு சீராகும் வரை. முதலில் பகல் தூக்கம் ஒன்றை மட்டும் பாய்க்கு மாற்றுங்கள். இரவில் கூட்டில் தூங்கிப்போனால் எடுத்து மாற்றிக் கிடத்துங்கள். எழுந்துகொண்டால் திரும்ப ஒரு முறை. சில நாள் கடுமையாக இருக்கும்.

இன்னொன்று. உங்கள் கண்ணீர் ஓயவே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால், பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ கிராமச் செவிலியரிடமோ அதையும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

கே: போனில் பார்க்கிற மாதிரி கேமரா வைத்திருக்கிறேன். அப்போது கூட்டில் தூங்கலாமா? (தந்தை, பெங்களூரு)

ப: கேமரா பார்க்கும், தூக்காது.

கே: கொசுவலை வைத்த கூடு பாதுகாப்புதானே? (வாசகர், கடலூர்)

ப: கொசுவிடமிருந்து, ஆமாம். டெங்கு உள்ள ஊரில் வலை நல்ல துணை. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாய்மாருக்கு 2015 முதல் கொடுக்கப்பட்ட அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களிலும் குழந்தைப் படுக்கையும் வலையும் இருந்தன. ஆனால் வலை முகத்தில் படக்கூடாது, கம்பி வளையம் நிமிர்ந்து நிற்க வேண்டும், கிழிசலில் விரல் மாட்டக்கூடாது. குழந்தை கையால் இழுக்கத் தொடங்கியதும் சின்ன வலையை எடுத்துவிட்டு அறைக்கே பெரிய வலை கட்டுங்கள். பக்கத்தில் கொசுவத்திச் சுருள் வேண்டாம். குளிப்பாட்டியதும் கூட்டுக்குள் சாம்பிராணிப் புகை காட்டுவதும் வேண்டாம். முடி காயத் துண்டு போதும்.

கே: மே மாத வெயிலில் கூட்டில் போட்டால் முதுகெல்லாம் வேர்க்குரு. (தாய், வேலூர்)

ப: சுற்றிலும் ஃபோம், அடியிலும் ஃபோம், வேறென்ன வரும்? வேர்க்குருவைவிடக் கவலை, அதிகச் சூடும் தூக்கத்தில் மூச்சு நிற்கும் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது. பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். ஈரமாகவோ கொதிப்பாகவோ இருந்தால் உடனே எடுத்து, ஒற்றைப் பருத்திச் சட்டையோடு பாயில் விடுங்கள், மின்விசிறி ஓடட்டும். வீட்டுக்குள் குல்லா வேண்டாம். பவுடரைக் கொட்டவே கொட்டாதீர்கள், அந்தத் தூள் போவது நுரையீரலுக்கு.

கே: எப்படித் துவைப்பது? என்னுடையது ஒரே மாதத்தில் கட்டி கட்டியாகிவிட்டது. (வாசகி, ஈரோடு)

ப: ஜிப் திறந்து உறையைத் தனியாகக் கழற்ற முடிகிற கூட்டைத்தான் வாங்க வேண்டும். முடியாதது துணிக்கடைப் பொம்மை. பால் கக்கியதும் காயவிடாமல் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் பால் கறை இறுகிவிடும். எண்ணெய் தேய்த்த உடம்போடு கூட்டில் போடாதீர்கள். எண்ணெய் பஞ்சுக்குள் இறங்கினால் சிக்கு நாற்றம் போகவே போகாது. உறைக்குச் சோப்பு கொஞ்சம், அலசல் நிறைய. மணக்கிற கண்டிஷனர் வேண்டாம்.

உள்ளே இருக்கும் ஃபோமையும் பஞ்சையும் முறுக்கிப் பிழிவதால்தான் கட்டி விழுகிறது. துண்டில் சுற்றி அழுத்தி நீரை எடுத்து, வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காய வையுங்கள். மேல்துணி காய்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்து நன்றாக அழுத்தி எடுத்து, ஈரம் தெரிகிறதா, புழுங்கல் வாடை வருகிறதா என்று பாருங்கள். ஐப்பசி மழையில் காயவில்லை என்றால் அந்த வாரம் கூடு இல்லாமலே போகட்டும். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவிப் பயனில்லை.

காய்ந்த பிறகு ஒரு சோதனை. உள்ளங்கையால் நடு மெத்தையை அழுத்திக் கையை எடுங்கள். பள்ளம் உடனே நிமிராமல் கையின் அச்சு நின்றால், அந்த மெத்தையின் ஆயுள் முடிந்தது. உறையை உள்பக்கமாகத் திருப்பித் தையலையும் பாருங்கள். தளர்ந்த ஒற்றை நூல் குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் கறுக்கும். காரணமில்லாமல் வீறிட்டு அழுகிற குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நாடா, குஞ்சம், ரிப்பன் எதுவாக இருந்தாலும் வெட்டி எறியுங்கள். குழந்தையின் கழுத்தில் கயிறோ மணியோ இருந்தால் அதையும் கழற்றுங்கள்.

கே: பால் வாடைக்கு எறும்பு வருகிறது. சுற்றிலும் எறும்பு சாக்பீஸ் கோடு போட்டால்? (வாசகி, புதுக்கோட்டை)

ப: அந்தச் சாக்பீஸ் பூச்சிமருந்து. குழந்தை கை வைக்கும், கையை வாயில் வைக்கும். ஈரத்துணியால் தரையைத் துடைத்து, உறையை அன்றன்றே மாற்றுங்கள்.

கே: மூத்தவளுக்கு வாங்கிய கூட்டைப் பாச்சை உருண்டை போட்டுப் பரணில் வைத்திருந்தோம். இப்போது இரண்டாவது குழந்தைக்கு எடுக்கலாமா? (தந்தை, சேலம்)

ப: அப்படியே எடுக்கக் கூடாது. பாச்சை உருண்டை, சில ஊர்களில் ரசகற்பூரம், அது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகள் உண்டு. வெளிப்பார்வைக்கு எந்த அடையாளமும் தெரியாது. அந்தக் குழந்தைகள் நாப்தலீன் வாடை ஏறிய துணியில் கிடந்தால் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும், மூளையைக்கூடப் பாதிக்கும். கூட்டுக்கு மட்டுமல்ல, பீரோவிலிருந்து எடுக்கிற பழைய கம்பளிக்கும் குட்டிச் சட்டைக்கும் இதே எச்சரிக்கைதான். உறையைப் பல முறை துவைத்துப் பல நாள் வெயிலில் போடுங்கள். ஃபோமில் வாடை இருந்தால் அதைக் கைவிடுங்கள். இனிமேல் எடுத்து வைக்கும்போது, நன்றாகக் காய வைத்து, துணிப்பையில் காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள்.

கே: காரில் பின் சீட்டில் கூட்டை வைத்து ஊருக்குப் போகலாமா? ரயிலில்? (தந்தை, ராஜபாளையம்)

ப: காரில் கூடாது. பிரேக் போட்ட நொடியில் கூடு நிற்கும், குழந்தை நிற்காது. பின்பக்கம் பார்த்தபடி பொருத்தும் கைக்குழந்தை இருக்கைதான் வழி. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவும், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது.

ரயிலில் கீழ் பெர்த்தின் அகலம் தாய்க்கே பற்றாது. அதில் கூட்டை வைத்தால் ஒருவர் விழ வேண்டும். லக்னோ மெயிலில் 2022 மே மாதம் கீழ் பெர்த்தோடு மடக்கி விரிக்கும் குழந்தைப் படுக்கையைச் சோதனையாகப் பொருத்திப் பார்த்தார்கள். அது எல்லா வண்டிக்கும் வர வேண்டும் என்று ரயில்வேக்கு எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். அதுவரை சுவர்ப்பக்கம் குழந்தை, விளிம்பில் நீங்கள், உடன் வருபவர் முறை வைத்து விழித்திருக்கட்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் திண்ணையில் கூட்டை விரித்துப் பேரப்பிள்ளையை எல்லோருக்கும் காட்டுங்கள். கூட்டுக்கு அதுதான் நல்ல வேலை.

கே: குழந்தையோடேயே கைப்பிடியைப் பிடித்துத் தூக்கலாமா? (வாசகி, கரூர்)

ப: வேண்டாம். நடுவில் மடியும், தலை சரியும். குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு காலிக் கூட்டை மறு கையில் எடுங்கள். கட்டில், சோபா, மேஜை எதன் மேலும் வைக்காதீர்கள், எப்போதும் தரை. சமையலறையும் வேண்டாம். அடுப்புக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கட்டும்.

கே: தங்கைக்கு வளைகாப்பு. பேபி நெஸ்ட் பரிசளிக்க நினைத்திருந்தேன். இப்போது யோசனையாக இருக்கிறது. (அக்கா, மதுரை)

ப: பின்லாந்து அரசு 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் ஒரு பெட்டி கொடுத்து வருகிறது. உள்ளே குழந்தைக்கு வேண்டிய துணிமணி, அடியில் மெல்லிய உறுதியான மெத்தை. பொருள்களை எடுத்துவிட்டால் அந்த அட்டைப் பெட்டியே முதல் படுக்கை. அதுபோல நீங்களும் ஒரு நல்ல உறுதியான குட்டி மெத்தை, அதற்கு இறுக்கமாகப் பொருந்தும் பருத்தி விரிப்பு நாலு, அறைக்கு ஒரு பெரிய கொசுவலை வாங்கிக் கொடுங்கள். கூடு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ‘விழித்திருக்கும்போது மட்டும்’ என்று உங்கள் கையால் எழுதி உள்ளே வையுங்கள். அக்கா எழுத்துக்கு அச்செழுத்தைவிட மதிப்பு அதிகம்.

கே: என் மகன் குப்புற விழுந்துவிட்டான். நீங்கள் சொன்னபடி கூட்டை எடுத்துவிட்டேன். எதிர் வீட்டில் பிரசவம் நெருங்குகிறது, கொடுத்துவிடலாமா? (தாய், தேனி)

ப: முதலில் குட்டிப் பையனுக்கு என் வாழ்த்து. கையால் அழுத்திப் பார்க்கும் சோதனையைச் செய்யுங்கள். மெத்தை நிமிர்ந்தால், தையல் உறுதியாக இருந்தால், துவைத்துக் காய வைத்துக் கொடுங்கள். கொடுக்கும்போது பையோடு நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, எப்போது போட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

மெத்தை நிமிரவில்லையா? குப்பையில் முழுசாகப் போடாதீர்கள். யாராவது எடுத்துப்போய் இன்னொரு குழந்தையைக் கிடத்திவிடுவார்கள். கத்தரிக்கோலால் திண்டைக் குறுக்கே வெட்டி, பஞ்சைத் தனியாக, உறையைத் தனியாகப் பிரித்த பிறகு போடுங்கள். உறைத் துணி நல்ல பருத்தியாக இருந்தால், எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பையனைத் துடைக்க நாலு துண்டு தேறும்.